தோளை அளக்க மறந்த கேட்

மில்லர்புரத்தில் புது வீடு கட்டிய ரோச், வீட்டைவிட கேட்டுக்குத்தான் அதிகம் மெனக்கெட்டார். கப்பலில் வேலை பார்க்கிறவர் இல்லையா? இரண்டு தூண், மேலே கான்கிரீட் வளைவு, அதன் உச்சியில் ஒரு நங்கூரம்.

"ஏளா அமலோற்பவம், இது கேட்டா, கப்பலா?" என்று சிரித்தார் பக்கத்து வீட்டு ஜெபசெல்வி டீச்சர். நாசரேத் ஊர்ப் புராட்டஸ்டன்ட் சபைக்காரர், வாய் சும்மா இருக்காது. ரோச்சின் மனைவி அமலோற்பவத்துக்குச் சுருக்கென்றது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதிலில் இருந்த சின்ன கேட்டை அன்றே பூட்டினாள். பேச்சும் அதோடு நின்றது.

பங்குக் கோயிலிலிருந்து மாதா சுரூபம், அதாவது சிலை, வீடு வீடாக வரும் மாதம் வந்தது. மாதா வந்து போனால்தான் அமலோற்பவத்துக்கு அது வீடு; அதுவரை வெறும் கட்டடம். சுரூபத்தைத் தோளில் ஏற்றிவிட்டால் வீட்டு முற்றத்துப் பந்தலில் இருக்கும் பீடத்தில்தான் இறக்குவார்கள். நடுவில் தாழ்த்துவதோ சாய்ப்பதோ கிடையாது. ரோச்சுக்குத் தெரியாததா? கேட் கட்டும்போதே கோயிலுக்கு டேப்போடு போய், மாதாவை மணிமுடி முதல் அடி வரை அளந்து வந்த மனிதர். தூக்குகிறவர்களின் தோளைத்தான் அளக்கவில்லை.

பேண்டு முழங்க ஊர்வலம் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, மாதா முடி வளைவுல இடிக்குது!" என்று கத்தினான் முன்னால் தூக்கி வந்த கிளைட்டன்.

"கொஞ்சம் குனிஞ்சு வாங்கலே" என்றார் ரோச்.

"மாதாவத் தூக்கிக்கிட்டு குனியவா? நல்லா சொல்லுதீக!"

ரோச்சுக்கு வேர்த்துக் கொட்டியது. அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அமலோற்பவத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் வீட்டு கேட்டுக்கு வளைவும் இல்லை, நங்கூரமும் இல்லை. அதற்குள் நுழைந்து, மதிலில் இருக்கும் சின்ன கேட் வழியாக இந்தப் பக்கம் வந்துவிடலாம்; அதற்கும் மேலே தடை இல்லை, இரண்டு பேர் ஒட்டி நடக்க அகலமும் உண்டு. ஆனால் எந்த முகத்தோடு கேட்பது?

மாதாவுக்கு முன்னால் வீறாப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது! உள்ளே ஓடி அலமாரியைக் குடைந்து சாவியை எடுத்தாள். பூட்டைத் திறக்கும்போதே ஒரு பயம். டீச்சரும் ரோஷக்காரர், அந்தப் பக்கம் அவர் ஒரு பூட்டுப் போட்டிருந்தால்?

தள்ளினாள். கேட் சட்டென்று திறந்துகொண்டது. எதிரே டீச்சர், தன் ஸ்கூட்டரை வழியிலிருந்து நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் வீட்டுப் பெரிய கேட் ஏற்கெனவே விரியத் திறந்து கிடந்தது.

"டீச்சர்... நீங்க சுரூபம் கும்பிட மாட்டீகளே..."

"கும்பிட மாட்டோம். வழி விடக்கூடாதுன்னு எங்க பைபிள்ல எங்கயும் போடல. வரச் சொல்லுளா, பிள்ளைக தோள் வலிக்கும்லா!"

மாதா நிமிர்ந்த தலையோடு டீச்சர் வீட்டு முற்றம் வழியாக வந்து பந்தலில் இறங்கினாள். அமலோற்பவம் அழுதாள், கூடவே சிரித்தாள்.

ஜெபம் முடிந்ததும் ரோச் தலையைச் சொறிந்தார். "வளைவ இடிச்சு உசத்திக் கட்டிருவமா?"

"அது அப்படியே கெடக்கட்டும்" என்றாள் அமலோற்பவம். பூட்டைக் கிணற்றுக்குள் வீசிவிட்டு, ஒரு தட்டு நிறைய மக்ரூன் இனிப்போடு சின்ன கேட்டைத் தாண்டினாள். "டீச்சர், கப்பல்லேர்ந்து சரக்கு வந்திருக்கு!"