வெளிப்பக்கம் குளிர்ந்த ஃப்ரிட்ஜ்

தையல்காரி புதிதாக வாங்கிய ஃப்ரிட்ஜில் வைத்த முட்டைகள் மூன்றாவது வாரம் குஞ்சு பொரித்தன. அதற்குள் அவள் வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவுக்குப் பனி விழுந்திருந்தது. உள்ளே தங்க வேண்டிய குளிர் வெளியே வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம். வெண்ணெயாக வைத்தால் நெய்யாக எடுக்கலாம். ஈரத்துணியை உள்ளே தொங்கவிட்டால் மொடமொடவென்று காய்ந்துவிடும். கூடத்திலோ தையல் மெஷினின் சக்கரம் உறைந்துபோய், காலையில் அதற்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத்தான் வேலைக்கு எழுப்ப வேண்டியிருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்ததால் தெருவில் யாருக்கும் இதில் வருத்தமில்லை. அளவு கொடுக்க வந்தவர்கள் கொடுத்த பிறகும் நகரவில்லை. சிலர் துணியே இல்லாமல் அளவு கொடுக்க வந்தார்கள்.

வருத்தம் தையல்காரிக்குத்தான். அவள் புருஷன் பஸ் கண்டக்டர், சர்க்கரை வியாதிக்காரர். அவருடைய இன்சுலினைப் பெட்டிக்குள் வைத்தால் வெந்துபோகும், கூடத்தில் வைத்தால் உறைந்துபோகும். அதனால் அது எதிர்வீட்டு டீச்சரின் ஃப்ரிட்ஜில் குடியிருந்தது. டீச்சர் நல்லவள்தான். ஆனால் கதவைத் திறக்கும்போதெல்லாம், "இன்னும் உங்க ஃப்ரிட்ஜ் சரியாகலையா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே கண்டக்டர் இரண்டு நாள் ஊசி போடாமல் டியூட்டிக்குப் போனார். இரண்டாம் நாள் ஓடுகிற பஸ்ஸிலேயே டிக்கெட் பையோடு மயங்கி விழுந்தார். அன்றைக்குத் தையல்காரி வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டினார், கம்பெனி கடைக்காரரைக் கைகாட்டியது. கடைசியில் ஒரு மெக்கானிக் வந்து, பின்பக்கத்தைக் கழற்றி மாட்டிவிட்டு, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"மெஷின் நல்லாத்தான்க்கா ஓடுது. குளிர் வருதே."

"வருது தம்பி. பெட்டிக்குள்ள வரலையே."

அவன் யோசித்துச் சொல்வதாகப் போனான். பிறகும் பல மதியங்கள் யோசிக்க அங்கேயே வந்தான்.

அவள் நுகர்வோர் கோர்ட்டில் தானே மனு எழுதிப் போட்டாள். தகரக் கூரை போட்ட கோர்ட் அது. மின்விசிறி பேருக்குச் சுற்றும். கம்பெனி வக்கீல் எழுந்து, குளிரும் என்றுதான் தாங்கள் விளம்பரம் செய்ததாகவும், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை என்றும் வாதாடினார். வழக்கை விசாரித்த கோர்ட் தலைவர் பெட்டியைச் சாட்சியமாகக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து பிளக்கைச் சொருகிய கொஞ்ச நேரத்தில் மேசைமேல் பனி விழத் தொடங்கியது. சிரித்தே பழக்கமில்லாத தலைவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பெட்டி கோர்ட்டிலேயே இருக்கட்டும் என்று முகமெல்லாம் பல்லாக வழக்கைத் தள்ளிவைத்தார்.

அடுத்த முறையும் வாய்தா, அதற்கடுத்த முறையும் வாய்தா. கம்பெனி வக்கீல் ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. தன் வழக்கில்தான் ஏதோ ஓட்டை என்று தையல்காரி கவலைப்பட்டு இளைத்தாள். ஒருநாள் தலைவர் டம்ளரை நீட்டிப் பனி பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குச் சங்கதி விளங்கியது. எழுந்து நின்றாள்.

"ஐயா, தீர்ப்பு சொன்னா பெட்டி போயிடுமேன்னுதானே இழுத்தடிக்கிறீங்க? என் வீட்டுக்காரர் மருந்து இன்னும் அடுத்தவங்க வீட்டுல கெடக்கு. எனக்கு உள்ளே குளிர்ற ஃப்ரிட்ஜ் ஒண்ணு வாங்கிக் குடுங்க. இதை நீங்களே வெச்சுக்குங்க."

தலைவர் வெட்கப்பட்டுப்போனார். அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. எதற்காக ஒரு பொருளை வாங்கினார்களோ அதைச் செய்யாவிட்டால் அது குறையுள்ள பொருள்தான், வேறு எவ்வளவு நல்லது செய்தாலும் சரி. புதுப் பெட்டி தர வேண்டும், அலைக்கழித்ததற்கு நஷ்ட ஈடும் தர வேண்டும். பழைய பெட்டி கம்பெனிக்கு வேண்டவே வேண்டாம் என்று வக்கீல் அவசரமாக எழுந்து சொன்னார். அவருக்கு அந்தக் கோர்ட்டில் இன்னும் நிறைய வழக்குகள் இருந்தன.

புதுப் பெட்டி வந்த அன்று தையல்காரி கையை உள்ளே விட்டு விட்டுப் பார்த்தாள். இன்சுலினை நடுத்தட்டில் வைத்தாள். கதவை மூட மனம் வராமல் நின்றாள்.

"மூடு, கரண்டு வீணாகுது," என்றார் கண்டக்டர்.

"ஆகட்டும்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம்தான்.

கோர்ட்டில் இன்றைக்கும் பனி பெய்கிறது. பெருக்குகிறவர் வழக்கு தொடங்குமுன் அதை முறத்தில் அள்ளி வாசல் மரத்துக்குப் போடுகிறார். மழைக்காலத்தில் தீர்ப்புகள் மளமளவென்று வரும், கோடையில் கொஞ்சம் இழுக்கும். போன மாதம் டீச்சருடைய வாஷிங் மெஷின், போட்ட துணியை வைத்துக்கொண்டு யார் யாருடைய துணிகளையோ துவைத்துக் கொடுக்க ஆரம்பித்தது. கடைக்காரர் துணி சுத்தமாகத்தானே இருக்கிறது என்று கேட்டாராம். டீச்சர் தெருவைத் தாண்டி வந்து, கோர்ட்டுக்குப் போக என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விசாரித்தாள்.

தையல்காரி மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "பில்லு, வாரண்டி அட்டை, அப்புறம் ஒரு ஸ்வெட்டர்."