அக்டோபரில் ரொட்டி யார் சுடுவது?

ஊரில் அத்தனை பேரும் ஓர்னெல்லாவுக்கு ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். அக்டோபரில் போ.

வட இத்தாலியின் கார்னியா மலையில், ஆஸ்திரிய எல்லைக்குப் பத்து வளைவு முன்னால் இருக்கிறது வால்தெர்னா. அங்கே மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ரொட்டிக்கடை. உள்ளே அடுப்பு கெலிண்டோவின் ராஜ்ஜியம். முன்னால் கல்லாவும் கண்ணாடிப் பெட்டியும் அவன் மனைவி ஓர்னெல்லாவின் ராஜ்ஜியம். இருபத்தாறு வருடமாக ஆகஸ்டு பத்தாம் தேதி மதியம் கதவில் 'விடுமுறை' அட்டை ஏறும், இருபத்துநாலாம் தேதி இறங்கும். அந்த இரண்டு வாரமும் லிஞ்ஞானோ கடற்கரை. அதே விடுதி, நாலாவது வரிசையில் அதே குடை, பக்கத்துக் குடையடியில் அதே உதினே ஊர்க்காரர், அவரோடு கெலிண்டோவுக்கு அதே சீட்டாட்டம்.

இந்த வருடம் சிசிலிக்கு, சிராகூசாவுக்குப் போகிறோம் என்று ஓர்னெல்லா கடையில் வாய் திறந்தது ஜூலை முதல் வாரத்தில். அன்று டிவியில் நாட்டின் வரைபடம் ரோமுக்குக் கீழே முழுக்கச் சிவப்பாக இருந்தது.

எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் இவானாதான் முதலில் ஓடிவந்தாள். கெலிண்டோவின் தங்கை.

"உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? நாப்பத்திரெண்டு டிகிரியாம் அங்க. அந்த ஊர்க்காரங்களே வெளிய தலை காட்ட மாட்டாங்க. வெயிலை விலை குடுத்து வாங்கப் போறியா? அக்டோபர்ல போயேன், காத்தோட்டமா இருக்கும்."

"அக்டோபர்ல ரொட்டி யார் சுடுவா? நீ சுடறியா?"

"ஒரு வாரம் கடையை மூடினா ஊரு அழிஞ்சா போயிடும்?"

"போன பிப்ரவரியில எங்கம்மா செத்தப்ப ரெண்டு நாள் மூடினேன். மூணாம் நாள் காலையில வந்து, துக்கம் விசாரிக்கறதுக்கு முன்னாடி, 'ரெண்டு நாளா வெறும் பொலெந்தாக் கூழையே கிளறித் தின்னோம்'னு சொன்னது யாரு?"

இவானா தன் இரண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். அதுவும் வாசற்படி தாண்டும்வரைதான். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? வாரக் கடைசிக்குள் தபால்காரம்மா, பாதிரியார், பால் கூட்டுறவுச் சங்கத்துக் கிழவர் என்று ஆளாளுக்கு வந்து அக்டோபரின் அருமை பெருமைகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஓர்னெல்லா எல்லோருக்கும் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தபடி அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டாள்.

சிராகூசா மேல் அவளுக்கு ஆசை வந்தது மாவு மில்காரர்கள் தந்த காலண்டரால். மலையையே குடைந்து செய்த அரைவட்டக் கல்படிகள், படிகளுக்கு அப்பால் கடல். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்து நாடக மேடையாம். மலையில் பிறந்து மலையிலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். கல்லும் கடலும் ஒரே கண்வீச்சில் கிடைக்கும் என்பதே அவளுக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது.

யார் சொன்னதும் உறைக்கவில்லை, பாதுவாவிலிருந்து மகள் மிலேனா போனில் கேட்டதுதான் உறைத்தது.

"அம்மா, ஜூன்ல அப்பா அடுப்பு முன்னாடி மயங்கி விழுந்தாரே, அதுக்குள்ள மறந்துட்டியா? டாக்டர் சூடு ஆகாதுன்னு சொன்னாரா இல்லையா? இப்ப நீயே அவரைக் கூட்டிக்கிட்டுப் போய் அடுப்புக்குள்ள நிறுத்தப் போற."

ஓர்னெல்லா மறக்கவில்லை. கையில் ரொட்டி எடுக்கும் நீளக் கரண்டியோடு கெலிண்டோ மாவு மூட்டைமேல் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்ததும், அவன் முகம் பிசைந்த மாவு நிறத்துக்குப் போனதும் அவள் கண்ணைவிட்டு இன்னும் அகலவில்லை. மகளிடம் "பாக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நேரே டாக்டர் தொலாத்சியிடம் போனாள்.

"போகலாமா வேண்டாமான்னு கேக்க வரல டாக்டர்," என்றாள் உட்காரும் முன்பே. "வேண்டாம்னுதான் சொல்லுவீங்க. எந்த நேரம் ஆளைக் கொல்லும்னு மட்டும் சொல்லுங்க. மீதி நேரத்தை நான் பாத்துக்கறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான் துடைத்தார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"காலையில பத்தரை பதினொண்ணுலேர்ந்து சாயங்காலம் ஆறரை வரைக்கும் வெளிய இருக்கவே கூடாது. அனல்காத்து வீசற அன்னிக்கு அதுவும் கணக்கில்ல, நாள் பூரா உள்ளதான். தாகம் எடுக்கற வரைக்கும் காத்திருக்காம தண்ணி குடிக்கணும். அவர் சாப்பிடற பிரஷர் மாத்திரையில ஒண்ணு உடம்புத் தண்ணியை இழுத்துடும், அதைக் குறைச்சு எழுதறேன். காலையிலயும் சாயங்காலமும் பிரஷர் பாருங்க. ரொம்ப இறங்கினா எனக்குப் போன் பண்ணுங்க. சரி, ஒண்ணு கேக்கறேன். காலையில சீக்கிரம் எழுந்திருப்பாரா?"

ஓர்னெல்லா அவரையே பார்த்தாள். டாக்டர் தன் கேள்வி எவ்வளவு அசட்டுத்தனமானது என்று புரிந்து, நெற்றியில் அடித்துக்கொண்டார்.

படியிறங்கும்போதுதான் அவளுக்கு அது முழுசாகப் பிடிபட்டது. ஊர் சுற்றப் போகிறவர்கள் எட்டு மணிக்கு எழுந்து, பத்து மணிவரை காலைச் சாப்பாட்டை இழுத்தடித்து, சரியாக வெயில் உச்சிக்கு வரும்போது வெளியே வருகிறார்கள். அப்புறம் வெயில் கொளுத்துகிறது என்கிறார்கள். கெலிண்டோ இருபத்தாறு வருடமாக இரண்டு மணிக்கு எழுகிறவன். லிஞ்ஞானோவில்கூட அந்த நேரத்துக்கு விழிப்பு வந்து, விடியும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடுவான். மத்தியானம் முழுக்கத் தூங்குவது அவர்கள் இருவருக்கும் தொழில். அந்த வெயிலுக்கென்றே பழக்கி வைத்த உடம்பு இது!

வீட்டில் கெலிண்டோ பகல் தூக்கம் முடித்து, ஆறிப்போன காய்கறி சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாக ஆரம்பித்தான்.

"லிஞ்ஞானோல என்ன குறைச்சல்?"

"ஒரு குறையும் இல்ல. அதான் இருபத்தாறு தடவை பாத்தாச்சே."

"உதினேக்காரர் தேடுவாரு."

"தேடட்டும். உன்னையில்லாம ஒரு வருஷமாவது அவர் ஜெயிக்கட்டும்."

கெலிண்டோ கரண்டியைக் கீழே வைத்தான். சொல்ல வந்த விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"அங்க நான் விழுந்துட்டேன்னா? தெரியாத ஊர்ல நீ ஒத்தையா என்ன பண்ணுவ?"

"இங்க விழுந்தா என்ன பண்ணுவேன்? கீழேருந்து ஆம்புலன்ஸ் மலையேறி வர நாப்பது நிமிஷம். அந்த ஊர்ல ஆஸ்பத்திரி ஊருக்குள்ளயே இருக்கு. விசாரிச்சுட்டேன்." அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "ஜூன்ல உன் காலைத் தூக்கி மாவு மூட்டைமேல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே, அப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? இந்த மனுஷன் நாலாவது வரிசைக் குடையைத் தவிர உலகத்துல வேற எதையுமே பாக்காம போயிடப் போறானேன்னு நினைச்சேன். அவன் மட்டுமில்ல, நானும்தான்னு நினைச்சேன். நமக்குன்னு இருக்கறது அந்தப் பதினாலு நாள்தான் கெலிண்டோ. அது ஆகஸ்டுல வருது. நாம என்ன பண்றது? வெயிலோட சேத்துத்தான் அதை வாங்கிக்கணும்."

கெலிண்டோ சூப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே இவானாவின் கடை ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது.

"ரூம்ல ஏசி இருக்கா?" என்றான்.

"முதல்ல அதைத்தான் கேட்டேன்."

ஆகஸ்டில், சிசிலியின் கத்தானியா விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. வீம்புக்கு வந்துவிட்டோமோ என்று ஓர்னெல்லா ஒரு கணம் நினைத்தாள். கெலிண்டோ புறங்கையைக் காற்றில் நீட்டிப் பார்த்தான், அடுப்பு வாயில் நீட்டிப் பார்ப்பதுபோலவே.

"ப்பூ. இந்தச் சூட்டுல பிஸ்கோத்துகூட வேகாது," என்றான்.

சிராகூசாவின் பழைய தீவுப் பகுதியில், தடித்த சுவர் வைத்த வீட்டின் முதல் மாடியில் ஒரு வாரத்துக்கு அறை. வீட்டுக்காரி நுன்சியா பருத்த உடம்பும் கணீர்க் குரலுமாக இருந்தாள். "வடக்கத்திக்காரங்களா? ஆகஸ்டுலயா? மாதாவே! நாங்களே இந்த மாசம் பல்லி மாதிரி சுவத்தோட ஒட்டிக்கிடப்போம்," என்று கன்னத்தில் கை வைத்தாள். மறுநாள் காலை நாலரைக்கு அவர்கள் தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் படியிறங்கும் சத்தம் கேட்டு, திருடன் என்று விளக்குமாற்றோடு வந்து நின்றவளும் அவள்தான்.

திட்டம் பிசகவில்லை. கதீட்ரல் மைதானத்தின் வெள்ளைக் கல்மேல் அவர்கள் இருவரைத் தவிர பூனைகள் மட்டும் நடந்தன. கோயில் பக்கச் சுவருக்குள் புதைந்து நிற்கும் பழைய கிரேக்கத் தூண்களைக் கெலிண்டோ கையால் தடவித் தடவிப் பார்த்தான். விடியும்போது பாறையில் இறங்கிக் கடலில் குளித்தார்கள். ஆறரைக்குப் பாதாம் கிரனீத்தா ஐஸும் பன்னும். கெலிண்டோ பன்னை அமுக்கினான், முகர்ந்தான், பிய்த்தான், தின்றான். ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று கேட்டான். மீன் சந்தையில் கூச்சல் தொடங்கும்போது இவர்களுக்குப் பாதி நாள் முடிந்திருந்தது. ஒன்பதரைக்கு அறைக்குத் திரும்பி, ஜன்னல் கதவுகளைச் சாத்தி, ஏழு மணிவரை தூங்கியும் எழுந்தும் கிடந்தார்கள். மூன்று நாள் இப்படிப் போனது.

நாடக மேடைக்குப் போவதென்று வைத்திருந்தது நாலாம் நாள். அதன் கதவு எட்டரைக்குத்தான் திறக்கும் என்பதால் அதை அவள் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அன்று காலை நாலரைக்கு ஜன்னலைத் திறந்தபோது ஆப்பிரிக்காவிலிருந்து வரும் அனல்காற்று வீசியது. வாசல் கல் விடியுமுன்பே சுட்டது. போனில் சிவப்பு எச்சரிக்கை, நாற்பத்துநாலு டிகிரி.

கெலிண்டோ அதற்குள் செருப்பு மாட்டிவிட்டான். மூன்று நாளில் அவன் பாதி சிசிலிக்காரனாகியிருந்தான்.

"எட்டரைக்குத் திறக்கறாங்க, ஒம்பதரைக்குள்ள பாத்துட்டு ஓடி வந்துடலாம். என்ன இப்ப?"

ஓர்னெல்லா அவன் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். வழக்கத்தைவிட இறங்கியிருந்தது. மறுபடி பார்த்தாள். அதேதான்.

"செருப்பைக் கழட்டு."

"இதைப் பாக்கத்தானே ஒத்தக் கால்ல நின்ன? ஊரையே எதிர்த்துக்கிட்டு வந்த?"

"பாக்கத்தான் வந்தேன். உன்னைத் தூக்கிக்கிட்டுப் போக வரல. கழட்டு."

கெலிண்டோ முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். எட்டு மணிக்கு அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். உப்புச் சேர்த்த சூப்பும் நிறையத் தண்ணீரும் கொடுக்கச் சொன்னார், அந்த மாத்திரையை இரண்டு நாளைக்கு அடியோடு நிறுத்தச் சொன்னார். ஒன்பதுக்கு மிலேனா கூப்பிட்டாள். செய்தியைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குத் தயாராக வந்திருக்கிறாள் என்பது 'அம்மா' என்ற முதல் சொல்லிலேயே தெரிந்தது.

"எங்க இருக்கீங்க?"

"ரூம்ல. ஜன்னலைச் சாத்திக்கிட்டு."

"சரிம்மா," என்றாள் மிலேனா, குரலை இறக்கி. "சரி. அப்பா தண்ணி குடிக்கிறாரா?"

அனல்காற்று மறுநாளும் நிற்கவில்லை. ஊருக்குத் திரும்ப நடுவில் ஒரே நாள்தான் இருந்தது. பார்க்காமல் போனால் போகட்டும் என்று ஓர்னெல்லா நினைத்துப் பார்த்தாள். நினைப்பு வந்தது, மனது வரவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக் கழுவி நின்றாள். ஆனாலும் வெளியே கிளம்பலாம் என்ற எண்ணம் ஒருமுறைகூட வரவில்லை. அன்று பிற்பகல் தெரு முழுக்க மின்சாரம் போனது. நுன்சியா கதவைத் தட்டி, "சிஞ்ஞோரா, கீழ வாங்க!" என்று இருவரையும் நிலவறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். எண்ணெய்ச் சாடிகள் வைத்திருந்த குளுகுளுவென்ற அந்தக் குகையில் கட்டிடத்துக் குடித்தனங்கள் எல்லாம் தர்பூசணியோடு உட்கார்ந்திருந்தன. நுன்சியாவின் புருஷன் சீட்டை எடுத்தான். மூன்று மணி நேரத்தில் கெலிண்டோ ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. "உதினேக்காரரையே தேவலைன்னு ஆக்கிட்டான்," என்று மனைவி காதில் சொன்னான். அவன் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

கடைசி நாள் காற்று கடலிலிருந்து வீசியது. பிரஷர் பழைய எண்ணுக்கு வந்திருந்தது. எட்டேகாலுக்கு அவர்கள் நாடக மேடை வாசலில் முதல் ஆளாக நின்றார்கள்.

கல்படிகள் இன்னும் கொதிக்கத் தொடங்கவில்லை. கெலிண்டோ ஓரத்து மர நிழலில் ஈரத்தொப்பியோடு உட்கார்ந்துகொண்டான். ஓர்னெல்லா மட்டும் படிப்படியாக ஏறினாள், அவசரப்படாமல். உச்சிப் படியில் நின்று திரும்பியபோது காலடியில் அரைவட்டம் அரைவட்டமாகக் கல் இறங்கிப்போனது. மரங்களுக்கும் வீடுகளுக்கும் மேலே ஒரு நீலக் கோடு. காலண்டரில் கடல் இன்னும் பக்கத்தில் இருந்ததாக ஞாபகம். பரவாயில்லை. அவள் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் எழுந்திருக்கவேயில்லை. அந்த இருபது நிமிடமும் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை; ஒரு ரொட்டிகூட.

பிறகு இறங்கி, பக்கத்தில் பழைய கல்குவாரிக்குள் இருக்கும் பெரிய குகைக்குப் போனார்கள். காது வடிவத்தில் உயர்ந்து வளைந்துபோகும் குகை. உள்ளே நுழைந்ததும் மலைக்காற்றுபோலக் குளிர்ச்சி. ஒரு டச்சுக் குடும்பம் கைதட்டி எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தது.

கெலிண்டோ ஒருமுறை தொண்டையைச் செருமினான். அந்தச் செருமலே மேலே ஏறிச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. அவன் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தான். ஊர்க்கோயில் பாட்டுக்குழுவில் அடிக்குரல் அவனுடையது. முப்பது பேருக்கு நடுவே நிற்கும் குரல், தனியாக யார் காதிலும் விழாத குரல்.

"பாடேன்," என்றாள் ஓர்னெல்லா.

"ஆளுங்க இருக்காங்க."

"இருந்தா?"

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, கணவாயில் பனி மூடும்போது மலையேறிப் போனவனைப் பற்றிய பாட்டை ஆரம்பித்தான். முதல் அடியில் குரல் நடுங்கியது. இரண்டாம் அடியில் குகையே அவனோடு சேர்ந்துகொண்டது. பத்துப் பேர் பாடுவதுபோல இருந்தது, பத்துப் பேரும் கெலிண்டோ. டச்சுக் குழந்தைகள் கைதட்டலை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார்கள். வாசலில் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்த காவலாளி விசிறுவதை நிறுத்தினான்.

பாட்டு முடிந்து, எதிரொலியும் அடங்கியது. கெலிண்டோவின் காது மடல்கள் சிவந்திருந்தன. போகலாம் என்று அவன் வாசலைப் பார்த்தான்.

ஓர்னெல்லா மணி பார்த்தாள். ஒன்பது இருபத்தைந்து.

"இன்னொண்ணு பாடு," என்றாள். "நேரம் இருக்கு."