உள்ளே மடித்த துணி

என் அக்கா எங்கள் எல்லார் கண் முன்னாலும் இளைத்துக்கொண்டே போனாள். ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொண்டது அவள் புருஷனின் ஊசி.

அத்தான் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. துணி வெட்டும் மேசை, கால் மிஷின், ஜன்னலோரம் இஸ்திரிப் பெட்டி, சுவரில் ஆணி அடித்து மாட்டிய அட்டை அளவுகள். மேசைக்கும் மிஷினுக்கும் நடுவே மற்றவர்கள் நேராக நடந்து போவார்கள். அத்தான் பக்கவாட்டில் திரும்பித்தான் போவார். அவ்வளவு உடம்பு. ஊரார் உடம்புக்கெல்லாம் கச்சிதமாகத் தைப்பவர், தன் சட்டைக்கு மட்டும் பொத்தானை நகர்த்திக்கொண்டே இருப்பார். நான் கேலி செய்வேன். நான் பேருந்து நிலையத்து விசாரணை ஜன்னலில் முப்பது வருஷம் உட்கார்ந்து பதில் சொன்னவள். ஒரே கேள்வியை ஆயிரம் பேர் கேட்டால் குரல் தானாக ஏறிவிடும். ஓய்வு பெற்ற பிறகும் அது இறங்கவில்லை. அத்தான் எனக்கு வைத்த பெயர் ஒலிபெருக்கி.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் அத்தானுக்கு முட்டி வீங்கியது. பரிசோதித்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், எல்லாம் வரிசையாக நின்றன. வாயைக் கட்டாவிட்டால் மிஷின் மிதிக்கும் கால் படுக்கையில்தான் கிடக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே அக்கா களத்தில் இறங்கினாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வீட்டிலிருந்த வெண்ணெய், சர்க்கரை, ஜாம், பிஸ்கட் டப்பா எல்லாம் இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பெரிய தட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டுச் சின்னத் தட்டுகள் வாங்கினாள். ராத்திரிக்கு ஒரு கிண்ணம் காய்கறி சூப், ஒரு துண்டு ரொட்டி. அவ்வளவுதான்.

அத்தானுக்கு ஒரு பலவீனம். எதிரில் யாராவது சாப்பிட்டால் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அது தெரிந்த அக்கா, ஒரே பானையில் சமைத்து, இரண்டு தட்டிலும் ஒரே அளவு வைத்தாள். அவர் எதை விட்டாரோ அதை இவளும் விட்டாள். கல்யாணமானதிலிருந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். பட்டினியும் ஒன்றாகவே கிடந்தார்கள்.

அத்தான் இளைத்தார். இளைக்க வேண்டியவர், இளைத்தார், நல்லது. மேசைக்கும் மிஷினுக்கும் நடுவே நேராக நடந்த அன்று என்னைக் கூப்பிட்டு இரண்டு முறை நடந்து காட்டினார். தெருவே அவரைப் பாராட்டியது. அந்த வீட்டில் இளைப்பது என்றாலே கொண்டாட்டம் என்று ஆகிவிட்டது. அக்காவின் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியபோதும் இருவரும் சிரித்தார்கள். அவள் என்றைக்குமே குண்டாக இருந்ததில்லை என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முகம் வாடியிருக்கிறதே என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, மாடு இளைத்தாலும் கொம்பு இளைக்காது என்று வாயை அடைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் அத்தானின் தொழில் வழக்கம் இரண்டைச் சொல்லியாக வேண்டும். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், கட்டினவளுக்கு நாடா பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை அளந்து, அட்டையில் வெட்டி, ஆணியில் மாட்டிவிட வேண்டும். அக்காவின் அட்டை அப்படித்தான் இத்தனை வருஷமும் தொங்கியது. ஒரு பிள்ளை பெற்றும் அவள் அந்த அட்டையை விட்டு விலகவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. இன்னொரு வழக்கம், உடுப்பைப் பிடித்துத் தைக்கும்போது மிஞ்சும் துணியை வெட்ட மாட்டார். உள்ளே மடித்துவிடுவார். வெட்டிய துணி திரும்பி வராது என்பார்.

அதனால் அக்காவின் சட்டை தொளதொளத்தபோது அவர் அட்டையைச் சந்தேகப்படவில்லை. துணியைச் சந்தேகப்பட்டார். இந்தக் காலத்து நூலே சரியில்லை, நாலு துவைப்பில் நெகிழ்ந்துவிடுகிறது என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே பக்கவாட்டில் ஒரு தையல் போட்டுப் பிடித்துக் கொடுத்தார். அடுத்த மாதம் இன்னொரு தையல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கோ தொழில் நன்றாகவே தெரியும், அதுதான் வினை. எந்த உடுப்பும் பிடித்துத் தைத்தது போலவே தெரியாது. தோளில் உட்கார்ந்து, இடுப்பில் வளைந்து, அக்கா எப்போதும்போல் சிக்கென்று இருந்தாள். வெளியூரில் இருக்கும் மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, அம்மா என்னைவிட ஸ்மார்ட் என்று பூரித்துப்போவாள். நானும்தான் தினம் பார்த்தேன். தினம் பார்க்கிற கண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஒரு மழை நாளில் கடைத்தெருவிலிருந்து தொப்பலாக நனைந்து அக்கா வீட்டுக்குள் ஓடினேன். அவள் தன் பழுப்புக் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். நாங்கள் சிறு வயதிலிருந்தே உடுப்பு மாற்றிப் போட்டுக்கொள்கிறவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு. அந்தக் கோட்டையே நான் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். அன்று கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. முதுகில் தையல் முறுகியது. நான் பெருத்துவிட்டேன் என்று அக்கா சிரித்தாள். அவள் அனுப்பிய வெண்ணெயும் ஜாமும் யார் வயிற்றில் போனது என்று நினைத்து நானும் சிரித்தேன். கோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

காயப்போடுவதற்காக அதை உள்புறம் வெளியே வரும்படி திருப்பினேன். பக்கவாட்டு மடிப்பு என் விரல் தடிமனுக்கு இருந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு தையல் வரி, அதற்குள்ளே இன்னொன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று. கையிலும் அப்படியே. தோளிலும் அப்படியே. வெளியே பெரியவள் கோட்டு, உள்ளே ஒரு சின்னப்பெண் நிற்கும் இடம்தான் மிச்சம். என் பழைய பாவாடை ஒன்றை எடுத்துக் கட்டிப் பார்த்தேன். எப்போதும்போல் சரியாக இருந்தது. நான் பெருக்கவில்லை. கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை கோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அத்தான் மேசையில் துணி விரித்திருந்தார். அந்தத் துணியின் மேலேயே கோட்டைத் திருப்பிப் போட்டேன். அவர் மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, நெகிழ்கிற ரகம் என்று ஆரம்பித்தார். நெகிழ்கிற துணி என் கையில் ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். அவர் ஆணியிலிருந்து அக்காவின் அட்டையை எடுத்து, கோட்டின் மேல் வைத்தார். அட்டை இரண்டு பக்கமும் வெளியே நின்றது. எடுத்துத் திருப்பி வைத்தார். அப்போதும் நின்றது.

அக்கா எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவந்தாள். அவர் கழுத்தில் கிடந்த நாடாவைக் கையில் எடுத்தார்.

"இந்தாம்மா, கொஞ்சம் இப்படி நில்லு."

"என்னங்க இது? எனக்கு எதுக்கு நாடா?"

அவர் அவளுடைய மேல்கையைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். பிறகு தோள். பிறகு இடுப்பு. நாடா ஒருமுறை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி பிடித்தார். எந்த எண்ணில் நின்றது என்று அவர் சொல்லவில்லை. வாடிக்கையாளர்களுக்கு உரக்கச் சொல்லிக்கொண்டே அளக்கிற மனிதர்.

"இது நம்ம மக பள்ளிக்கூடம் போனப்ப நான் தச்ச அளவு" என்றார்.

அக்கா நாடாவை விலக்கிவிட்டு, டீ ஆறுது என்றாள்.

அன்று மாலையே டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். ரத்தம், படம் என்று எல்லாம் எடுக்கச் சொல்லி, அடுத்த வாரம் வரச் சொன்னாள். அந்த ஒரு வாரம் எனக்கு எந்தச் சாப்பாடும் ருசிக்கவில்லை. போனபோது, கெட்டது எதுவும் இல்லை என்றாள். நான் பெருமூச்சு விட்டேன். அவள் விடவில்லை. அக்காவைக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னாள்.

அக்கா பாதி எழுந்தாள், அப்படியே பொத்தென்று உட்கார்ந்தாள். வழுக்குகிற நாற்காலி என்று சொல்லிச் சிரித்துவிட்டு மறுபடி முயன்றாள். இந்த முறை பாதிகூட வரவில்லை. மூன்றாம் முறை முயலவேண்டாம் என்று டாக்டர் தடுத்தாள். அத்தான் அந்த நாற்காலியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவள் எழும்போதெல்லாம் மேசையை ஊன்றித்தான் எழுந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். இந்த வயதில் இப்படி இளைத்தால் போவது கொழுப்பு மட்டும் இல்லை, சதை. சதை போனால் பலம் போகும். பலம் போனால் ஒரு நாள் விழுவார். விழுந்து எலும்பு முறிந்தால் படுக்கை. இவ்வளவு மெலிந்த உடம்போடு படுத்தவர்களில் பலர் எழுந்ததில்லை. இதை அவள் அக்காவைப் பார்த்துச் சொல்லாமல் அத்தானைப் பார்த்துச் சொன்னாள். அவருடைய சாப்பாடு அவருக்குச் சரி, அப்படியே தொடரட்டும். அம்மாவுக்கு முட்டை, மீன், பால், பருப்பு, வெண்ணெய், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை, கூடவே கால்களுக்குப் பயிற்சி என்றாள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் ஆட்கள் என்றைக்கோ சொல்லிவைத்தது. அக்கா வீட்டில் இரண்டு பேருக்கும் கொள்ளுதான் என்று நடந்திருக்கிறது.

வெண்ணெய் என் வீட்டிலிருந்து திரும்பிப் போனது. பரணிலிருந்து ஒரே ஒரு பெரிய தட்டு இறங்கியது. ஆனால் அக்காவுக்கு இறங்கவில்லை. முட்டையையும் வெண்ணெய் தடவிய ரொட்டியையும் முன்னால் வைத்துக்கொண்டு, எதிரே சூப் குடிக்கும் புருஷனைப் பார்ப்பாள். ஒரு வாய் தின்பாள். தட்டைத் தள்ளிவிடுவாள். நான் கத்தினேன், ஒலிபெருக்கி என்று பெயர் வாங்கியவள் வேறென்ன செய்வேன். அவள் என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள்.

"அவர் பசியோட உக்காந்திருக்கறப்ப எனக்கு எப்படிடி இறங்கும்?"

அவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அவள் சாப்பிட உட்காரும் நேரத்தில் அவர் முன்னறைக்கு எழுந்து போய்விடுவார். அவசர வேலை என்பார். அடுப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மிஷினை மிதிப்பார். மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் அக்கா சாப்பிடுவாள். நின்றால் கையும் நின்றுவிடும். அவருக்கு அது பிடிபட்டதும் நிறுத்துவதை விட்டுவிட்டார். தன் பசியைக் காலால் மிதித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். சாப்பிட்டு முடித்ததும் இருவரும் சுவரோரம் நிற்பார்கள். அவள் நாற்காலியிலிருந்து எழுவாள், உட்காருவாள். விழுந்தால் பிடிக்க அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார்.

குளிர் தொடங்கியபோது அவளுக்கு இருமல் வந்து, சேர்த்த சதையில் பாதி போயிற்று. அந்த நாட்களில் அத்தானிடம் நான் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. ஆணியில் அக்காவின் அட்டை இல்லை. அந்த இடத்தில் கோட்டு தொங்கியது, பிரிக்காத மடிப்போடு.

இருமல் நின்று சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் போனேன். வாசலிலேயே மிஷின் சத்தம். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றேன். ஊசிக்குக் கீழே துணி இல்லை. நூலும் கோக்கவில்லை. அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். வீங்கின முட்டி ஏறி இறங்கியது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கையை எடுத்தால் சக்கரம் தடுமாறும் என்றோ என்னவோ, துடைக்கவில்லை. வேலை அப்போது குறைவு என்பது எனக்குத் தெரியும். எத்தனை நாளாக இப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு, பேசாதே என்று விரலால் சைகை காட்டினார்.

நான் அடுப்படிக்குப் போனேன். அக்கா மீனும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போட்டிருந்த சட்டையின் தோளில் ஒரு பழைய தையல் வரி பிரித்த துளைகள் வெள்ளையாகத் தெரிந்தன. ஒரே ஒரு வரிதான். அத்தான் ரொம்ப வேலையாக இருக்கிறார்போல என்று, ஏதாவது சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"துணி இருந்தா மிஷின் ஒரு மாதிரி கேக்கும், இல்லன்னா வேற மாதிரி கேக்கும். இத்தனை வருஷம் இந்த வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவள் அடுத்த துண்டு ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவினாள்.

"அவருக்கு முட்டி வலிக்கும்டி. நான் சீக்கிரம் சாப்பிட்டு முடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, வாயில் போட்டு மென்றாள்.