சமத்து

வாலுவின் செருப்பில் ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்றைத் தேடி, அவசரப் பிரிவின் பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து குனிந்து மாமாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"விடுண்ணே," என்றாள் தங்கை. "இனிமே எதுக்கு?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோக அவள் புருஷன் வண்டி பார்க்கப் போயிருந்தான்.

வீட்டில் மாமாவுக்கு ரேடியோ என்று பெயர். ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. தங்கையின் நாலு வயது மகள் வாலுவும் அதே ரகம். "மாமன் வாய அப்படியே வாங்கிட்டு வந்து பொறந்திருக்கு" என்று தங்கை தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வாலு இன்று காலை ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தாநாளிலிருந்து வாந்தியும் பேதியும். மாமாவின் தோளில் துவண்டு கிடந்தாள். கையைக் கிழித்துக்கொண்டு வந்த பையன் ஒருவன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். மாமா எழுந்தார். தங்கை சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருண்ணே. போன தடவ நீ சண்ட போட்டு, செக்யூரிட்டி வந்து மானம் போச்சு. இன்னைக்காவது வாய மூடிட்டு இரு."

மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் போன நர்ஸ் வாலுவின் கன்னத்தைத் தட்டி, "சமத்தா இருக்காளே. இதோ வந்துடறேன்" என்றாள். வாலுவை அதுவரை யாரும் சமத்து என்று சொன்னதில்லை. மாமாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வெளியே வந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. தரையைப் பார்த்தே பேசினாள். "உடம்புல தண்ணியே இல்லம்மா. அழத் தெம்பில்லாமதான் அமைதியா இருந்திருக்கா. கத்துற குழந்தைக்கு முன்னாடி இவளத்தான் பாத்திருக்கணும். நாங்க பாக்கல."

இப்போது எதிர் பெஞ்சில் ஒருத்தி மடியில் குழந்தையோடு இருந்தாள். அதன் கண் பாதி திறந்திருந்தது. உதட்டில் உட்கார்ந்த ஈ அங்கேயே இருந்தது.

"தூங்குதா?" என்றார் மாமா.

"காய்ச்சல்ங்க. ராத்திரி பூரா கத்துனான். இப்பத்தான் அடங்குனான்."

மாமா தங்கையைப் பார்த்தார். அவளும் அந்தக் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்தார். சட்டையை யாரும் இழுக்கவில்லை.

"சிஸ்டர், இந்தப் புள்ள அழல." யாரும் திரும்பாததால் குரலை உயர்த்தினார். "அழலங்கறேன். வந்து பாருங்க."

வாசலில் நின்ற செக்யூரிட்டி இரண்டடி எடுத்து வைத்தான். காலையில் வாலுவின் கன்னத்தைத் தட்டிய நர்ஸ் திரும்பினாள். மாமாவின் கையிலிருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

குழந்தையும் தாயும் உள்ளே போனார்கள். கதவு ஆடி நின்றது. மாமா வந்து உட்கார்ந்தார். கத்திய தொண்டையைச் செருமிக்கொண்டார்.

தங்கை பைக்குள் துழாவி ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து நீட்டினாள். மூடியில் முயல் படம் போட்ட வாலுவின் பாட்டில். காலையில் நிரப்பியது, கழுத்துவரை அப்படியே இருந்தது.