வினோதா சொன்ன ஆமாம்

1

இந்தக் கதையை மகிழ்ச்சியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "பூண்டுலோயாப் பக்கம் ஒரு பொம்பளப் புள்ள பிளேன் ஓட்டுதாம். இப்ப டுபாய்க்குப் போகப்போகுதாம்" என்றார். மீதியைச் சொல்வதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. ஆகவே மீதி என்னுடையது.

முதல் வரி இப்படி இருந்தது: 'மேகத்துக்கு மேலே பறந்த வினோதா, கீழே தேயிலை மலையைப் பார்த்து—'

வேண்டாம். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் மலையில் மனிதர்கள் தெரியமாட்டார்கள்.

2

அப்பா சோலைமலை மரக்கறி வியாபாரி. மூன்று லொறி இருந்த இடத்தில் இப்போது ஒன்று. (மகளின் விமானப் படிப்பு எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில்.)

உள்ளூரில் சின்ன விமானம் ஓட்டிக்கொண்டிருந்த வினோதாவுக்கு டுபாயில் பெரிய விமானம் ஓட்டும் வேலை கிடைத்தது. ஆனால் இலங்கை உரிமத்தை அந்த நாட்டு உரிமமாக மாற்றியாகவேண்டும். உள்ளூர் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினாள். அங்கே வான்சட்டப் பரீட்சையில் தேறினாள். தரையிலேயே நிற்கும் பாவனை விமானத்தில் (சிமுலேட்டர்) ஒரு எஞ்சினை அணைத்துச் சோதித்தபோதும் ஓடுபாதையில் நேராக இறக்கினாள். மிஞ்சியது மருத்துவப் பரிசோதனை.

"எப்போதாவது நினைவு தப்பியிருக்கிறதா?" என்று கேட்டார் மருத்துவர்.

(இங்கே 'இல்லை' என்று எழுதிப் பார்த்தேன். கதை ஜோராக ஓடியது. டுபாயில் வீடு எடுத்தாள், அப்பாவை அழைத்து— அடித்துவிட்டேன்.)

புறப்படுவதற்கு முன் ஒருநாள் வீட்டுச் சமையலறையில் விழுந்திருந்தாள். கைகால் இழுத்தது. பார்த்தவர் அப்பா மட்டுந்தான். பசி மயக்கம் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

"ஆமாம்" என்றாள் வினோதா.

சோதித்தார்கள். வலிப்பு. உரிமம் இல்லை என்றார்கள். ஊர் திரும்பியவள் கொழும்பில் இறங்கியதும் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்குத் தானே போய் விஷயத்தைச் சொன்னாள். இருந்த உரிமத்தையும் நிறுத்திவைத்தார்கள்.

3

சோலைமலையைப் பெருந்தன்மையான அப்பாவாக எழுத ஆசைப்பட்டேன். அவர் கேட்டது வேறு.

"ஏம்மா, நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்ப்பா."

"பெறகு?"

"எனக்குப் பின்னால எரநூறு பேரு உக்காந்திருப்பாங்க. அவங்களுக்குத் தெரியாதேப்பா."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லொறியைக் கிளப்பவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதார்.

4

ஒரு முடிவு: அப்பாவின் லொறியை ரம்பொடை வளைவுகளில் வினோதாவே ஓட்டிப் போகிறாள். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, இனி அவள் அதையும் ஓட்டக்கூடாது.

இன்னொன்று: விமானம் ஓட்டப் படிப்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். நடக்கக்கூடியதுதான். முதல் வகுப்பிலேயே ஒரு மாணவி எழுந்து, "மிஸ், நீங்க ஏன்—"

(இதையும் முடிக்கவில்லை.)

5

போன வாரம், நுவரெலியாச் சந்தை. லொறியின் முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் வினோதா. கடைக்கார இப்றாஹிம் நானா ஜன்னலருகே வந்தார்.

"மகள், எப்ப பயணம்? நீங்க ஓட்டுற பிளேன்லதான் மக்காவுக்குப் போவேன்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்."

"அடுத்த மாசம் நானா" என்றார் சோலைமலை அவசரமாக.

வினோதா அப்பாவைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து கீழே இறங்கினாள். நானா சிரித்தபடி நிற்கிறார். அப்பா ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் உண்மையைச் சொன்னால் இரண்டு பேரின் முகமும் ஒரே நேரத்தில் வாடும். சொல்லாவிட்டால், அங்கே அந்த மருத்துவரிடம் அவள் எதற்காக 'ஆமாம்' என்று சொன்னாள்?

நானாவுக்கு அவள் சொல்லவேண்டிய பதிலை அவள் வாயில் வைக்க எனக்குக் கை வரவில்லை. நீங்கள் வையுங்கள். கொஞ்சம் மென்மையான சொல்லாக இருக்கட்டும். அப்பாவுக்கும் கேட்கும் தூரம்தான்.