சுத்தமான புகை

மெக்கானிக் ஸ்பேனரை ஓங்கி வேனின் பக்கக் கண்ணாடியில் போட்டார். கீறல்தான் விழுந்தது. மறுபடி ஓங்கினார்.

"மச்சான்! பைத்தியமா பிடிச்சிருக்கு?" மருந்துக்கடையிலிருந்து தங்கையின் கணவன் மழையில் தலைதெறிக்க ஓடிவந்தான். "உள்ள உங்க தங்கச்சி தூங்குறா!"

"அது தூக்கமில்ல மாப்பிள்ளை!"

மூன்றாவது அடியில் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே கைவிட்டுக் கதவைத் திறந்தார். பின் சீட்டில் தங்கை சாய்ந்திருந்தாள். கன்னம் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. விஷப்புகை ரத்தத்தில் ஏறினால் வருகிற நிறம்.

சற்று முன்புதான் மாப்பிள்ளை புகைச் சோதனைச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். 'நம்ம கிழவி பாஸ்! காயலான் கடைக்குத் தள்ளச் சொன்னீங்களே மச்சான், இப்ப என்ன சொல்றீங்க? மருந்துக்கடை வாசல்ல நிக்கிறோம், ஒரே கூட்டம்.' இரண்டு தடவை தோற்ற வண்டி. மெக்கானிக் சிரித்துவிட்டார். அப்புறம்தான் ஆக்சிஜன் வரியில் கண் நின்றது. ஆயில் குடிக்கிற கிழட்டு எஞ்சினின் புகையில் இவ்வளவு ஆக்சிஜனா? சைலன்சர் குழாயில் எங்கோ ஓட்டை. அது வழியாக வெளிக்காற்று கலந்துதான் புகை சுத்தமாகத் தெரிகிறது. காற்று நுழைகிற இடத்தில் புகையும் கசியும். குழாய்க்கு மேலே துருப்பிடித்துச் சல்லடையாகிப் போன வேனின் தரை. மழைக்காகக் கண்ணாடியை ஏற்றியிருப்பார்கள். அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாதென்று எஞ்சினையும் ஓடவிட்டிருப்பார்கள். இருவர் போனும் அடித்து ஓய்ந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார்.

இப்போது அந்த இரண்டு போன்களும் அவள் மடியில் கிடந்தன.

நடைபாதையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார். "அம்மாடி... அண்ணன் வந்துட்டேன்டா. ஒரே ஒரு மூச்சு..."

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவரை விலக்கினார்கள். வெகுநேரம் பாடுபட்டார்கள். பிறகு ஒருவர் கையுறையைக் கழற்றினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மெக்கானிக் ஈரத்தில் அப்படியே மண்டியிட்டு வண்டிக்கடியில் குனிந்தார். ஓட்டை வட்டமாக, விளிம்பு பளபளவென்று இருந்தது. துரு தின்ற ஓட்டையில்லை; ட்ரில் போட்டது.

பாய்ந்து எழுந்து மாப்பிள்ளையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"எவன் போட்டான்? எந்தப் பாவி? சொல்லு, அவன் கையை முறிக்கிறேன்!"

மாப்பிள்ளை நடைபாதையில் கிடந்தவளைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுடா!"

"அவளேதான் போட்டா மச்சான். உங்க பட்டறையிலேர்ந்து ட்ரில்லை எடுத்துட்டு வந்து போட்டா. நான் பயந்தேன். 'டெஸ்ட்ல தேறாத வண்டிக்கெல்லாம் எங்க அண்ணன் இப்படித்தான் போட்டுக் குடுப்பாரு, சின்ன வயசிலேர்ந்து பாக்குறேன், ஒண்ணும் ஆகாது'ன்னா."

பிடித்திருந்த சட்டையை மெக்கானிக்கின் விரல்கள் விட்டுவிட்டன.