முதல் வாய்

திருத்துறைப்பூண்டி பக்கத்து ரிசார்ட்டில் புது அரிசி விழா. அழைப்பிதழில் ‘பிரிலிபேஷன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் புரியவில்லை. அதற்கு அர்த்தம் சொல்ல, கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் தமிழ்நிலாவை மேடையேற்றினார்கள்.

மைக்கைப் பிடிக்கும்போதே அவள் கண் அப்பாவைத் தேடியது. பானையில் பொங்கியது அவள் அப்பா வேம்பு விளைவித்த அரிசி. அவரையோ, “விருந்தாளிங்க சாப்பிடட்டும், நீங்க காத்திருங்க” என்று மேலாளர் பிரபு சமையல்கட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். அந்தக் காலத்தில் மிராசுதார் வீட்டுப் புது அரிசிப் பொங்கலுக்கும் அப்பா கொல்லைப்புறத்தில்தான் நின்றார். இன்று வயல் சொந்த வயல். நிற்கிற இடம்தான் மாறவில்லை!

“இது லத்தீன்லேருந்து வந்த வார்த்தைங்க,” என்றாள். “ப்ரே-ன்னா முன்னாடி. லிபாரே-ன்னா துளி எடுத்து ருசிக்கிறது; சாமிக்குப் படைக்கிறதுக்கும் அதே சொல்தான். ஆக, எல்லாருக்கும் முன்னாடி ருசி பார்க்கிறது.”

கைதட்டல் எழுந்தது. பிரபு முதல் கிண்ணத்தைச் சிறப்பு விருந்தினரிடம் நீட்டினார். தமிழ்நிலா விறுவிறுவென்று இறங்கிப் போய் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“மேடம், என்ன பண்றீங்க?” பிரபு பதறினார்.

“அர்த்தம் சொல்லத்தானே கூப்பிட்டீங்க? இன்னும் சொல்லி முடிக்கலை.”

நேரே சமையல்கட்டு வாசலுக்குப் போனாள். மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“நீங்க சாப்பிடுங்கப்பா,” என்றாள். பந்தல் முழுக்கக் கேட்டது. “விருந்தாளிங்க காத்திருக்கட்டும்.”